சரிங்க ஐயா, அடுத்த கேள்வி

அணையிலிருந்து வந்த வெள்ளம் அத்திமடையை விட்டு வடிந்து, கிடைத்த உடல்களையெல்லாம் நாங்கள் அடக்கம் செய்து, கிடைக்காதவர்களுக்காக அழுது அழுது தொண்டை கட்டி, சுவர்களில் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்த சேற்றுக் கோட்டின் மேல் ஒவ்வொருவராகச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்திருந்த நாட்களில், ஒரு சாயங்காலம், ஊரில் ஓடிக்கொண்டிருந்த எல்லா டி.வி.க்களிலிருந்தும் தண்ணீர் வந்தது.

அன்றைக்கு டி.வி. பார்க்காதவர்கள் ஊரில் யாரும் இல்லை. டி.வி.யை வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவர்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டையே பறிகொடுத்தவர்கள் தங்கியிருந்த கல்யாண மண்டபத்தில், மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் பெரிய டி.வி. ஒன்றை வைத்து, பந்திக்கு உட்காருவதுபோல வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். பாசன அமைச்சர் வைரமுடி வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேட்டி கொடுக்கப் போகிறார், பேட்டி எடுப்பவர் ‘கேட்டதும் சொன்னதும்’ சுதர்சனன் என்று காலையிலிருந்து கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சுதர்சனனுக்கு நரைத்த மீசை, கோயில் மணி மாதிரி குரல். அவர் புருவத்தைத் தூக்கினால் எதிரில் இருக்கிறவருக்கு வேர்க்கும் என்று அந்த சேனலே விளம்பரம் செய்தது. நாங்களும் அதை நம்பியிருந்தோம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. அணை நிரம்பியது மழையால், அதை நாங்கள் யார்மேலும் சொல்லவில்லை. ஆனால் நிரம்பிய அணையின் மதகுகளையெல்லாம் ஒரு விடிகாலையில், சங்கு ஊதாமல், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லாமல், ஒரு போன்கூடப் போடாமல் மொத்தமாகத் திறந்துவிட்டார்களே, அப்படித் திறக்கச் சொன்னது யார்? ஆற்று வளைவில் இருந்த தாழைத்தோப்புக் குடியிருப்பு அந்தத் தண்ணீரில் தூக்கத்தோடு போனது. கோழிகூடக் கூவவில்லை.

சுதர்சனன் கேட்டார். எங்கள் வார்த்தையிலேயே கேட்டார். “மதகைத் திறக்கச் சொன்னது யார், ஐயா?”

மண்டபத்தில் பிள்ளைகளின் வாயைப் பொத்தினோம்.

வைரமுடி சிரித்தார். “நல்ல கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி. சுதர்சனன், அணைங்கிறது என்ன? அணைங்கிறது ஒரு தாய். தாய் பிள்ளைக்குப் பால் குடுக்கிறப்போ நேரம் பார்த்தா குடுப்பா? எங்க ஆட்சியில எத்தனை வாய்க்கால் தூர் வாரியிருக்கோம்னு எதிர்க்கட்சிக்காரங்களைக் கேளுங்க. அவங்க காலத்துல இந்த அணையில முதலையா இருந்துச்சு, தண்ணியா இருந்துச்சு?”

சுதர்சனன் தலையாட்டினார். கையிலிருந்த தாளைப் புரட்டினார். “சரிங்க ஐயா. அடுத்த கேள்வி. வரப்போற தேர்தல்ல கூட்டணி எப்படி?”

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் திரையின் கீழ் விளிம்பு வேர்த்தது. வேர்வை கூடி நூலாக இறங்கியது, நூல் கயிறானது, பிறகு யாரோ மூட மறந்த குழாய்போலத் தண்ணீர் கொட்டி மேடைப் படியில் இறங்கி எங்கள் பக்கம் வந்தது. படம் நிற்கவில்லை. மின்சாரம் யாரையும் அடிக்கவில்லை. தண்ணீருக்கு மேலே வைரமுடி கூட்டணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முன்வரிசையில் இருந்த பேச்சித்தாய் கையை நீட்டி அதை ஏந்தி முகர்ந்து பார்த்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். மழைக்கு ஒதுங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்காக அன்று இருட்டோடு எழுந்து மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனதால் பிழைத்தவள். ஒரே மகள் கொடிமலர் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூங்குகிறாளே என்று அவளை எழுப்பாமல், தாழைத்தோப்பு வீட்டின் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். கொடிமலர் இன்னும் கிடைக்கவில்லை.

“இது நம்ம தண்ணிதான்” என்றாள் பேச்சித்தாய்.

ரிப்பேர் கடை தாவூது மறுநாள் ஊரிலிருந்த டி.வி.க்களில் பாதியையாவது திறந்து பார்த்திருப்பார். உள்ளே தூசிதான் இருந்தது. “ஈரமே இல்லை, நான் எதைத் துடைக்கிறது?” என்று சொல்லி எல்லாவற்றையும் மூடித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் காரணத்தைத் தேடவில்லை, பாத்திரத்தைத் தேடினோம். சினிமாப் பாட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, சீரியலுக்கு வரவில்லை, கிரிக்கெட்டுக்கு வரவில்லை. பதவியில் இருக்கிற ஒருவரிடம் கேள்வி கேட்டு, அவர் வேறெதையோ சொல்லி, கேட்டவர் அதற்குச் ‘சரி’ சொல்கிறபோது மட்டும் வந்தது. வேறு சேனல், வேறு அமைச்சர், வேறு ஊர்ப் பிரச்சினையாக இருந்தாலும் எங்கள் வீட்டில் எங்கள் அணைத் தண்ணீர்தான் வந்தது. பஞ்சாலை எரிந்த ஊர் ஒன்றில் புகை வருகிறதாம், மலை சரிந்த ஊர் ஒன்றில் செம்மண் கொட்டுகிறதாம் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். இருக்கும் என்று கேட்டுக்கொண்டோம்.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடுகிறது. செய்தி நேரம் வந்தால் பெண்கள் பாயைச் சுருட்டினார்கள். ‘அடுத்த கேள்வி’ என்ற சத்தம் கேட்டால், விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். பாத்திரக் கடைக்காரர் டி.வி.க்கு அடியில் வைக்க வாய் அகன்ற தகரத் தட்டு செய்து விற்றார். வசதியானவர்கள் டி.வி.யைச் சுவரின் உச்சியில் மாட்டி, அடியில் பிளாஸ்டிக் குழாய் வைத்து வாசல் சாக்கடைக்கு இறக்கினார்கள். புதிதாக வீடு கட்டியவர்கள் கொத்தனாரிடம் சமையலறைக்கு ஒரு வடிகால், குளியலறைக்கு ஒரு வடிகால், டி.வி.க்கு ஒரு வடிகால் என்று சொல்லிக் கட்டினார்கள். டி.வி.யை நிறுத்திவிடலாமே என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். என்றைக்காவது யாராவது பதில் சொல்லிவிட்டால், அன்றைக்குப் பார்த்து டி.வி. நின்றிருந்தால், என்ன செய்வது?

தண்ணீர் வெறுமனே வரவில்லை. பாசி வந்தது, சின்னக் கெண்டை வந்தது, பிறகு தாழைத்தோப்பு வர ஆரம்பித்தது. ஒரு வீட்டுத் தட்டில் பால் புட்டி கிடந்தது. இன்னொரு வீட்டில் ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, கரண்டி, பாதி ஜெபமாலை. யாரும் எதையும் எறியவில்லை. கழுவித் துடைத்து அம்மன் கோயில் சுற்றுச்சுவரின் மேல் வரிசையாக வைத்தோம். உடையவர்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பேச்சித்தாய் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அந்தச் சுவரை ஒட்டி மெதுவாக நடந்தாள். மகளுடைய சாமான் எதுவும் அதில் வரவில்லை. அதற்காகக் கும்பிட்டாளா, அழுதாளா என்று எங்களுக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

பரீட்சைகள் நடந்து முடிந்த பிறகு ஒருநாள் அவள் தாவூது கடையில் வந்து நின்றாள்.

“அண்ணே, மெட்ராஸ்ல அந்த சேனல்காரங்க ஆபீஸ் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கேட்டுக் கேட்டுப் போயிரலாம். எதுக்கும்மா?”

“அந்த சாரை ஒரு தடவை பார்க்கணும்.”

தாவூது கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அவளோடு போனார். அங்கே நடந்ததையெல்லாம் திரும்பி வந்து எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். பெரிய கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இருவரும் எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு சுதர்சனன் காரில் வந்து இறங்கினார். முகத்தில் பவுடர் இல்லாமல், டி.வி.யில் தெரிவதைவிடக் குள்ளமாக, களைத்துப்போன ஒரு மனிதராக இருந்தார். அத்திமடை என்று கேட்டதும் நின்றுவிட்டார்.

“உங்க ஊர்ல டி.வி.யில தண்ணி வருதுன்னு யாரோ போட்டிருந்தாங்க. வதந்தின்னு நினைச்சேன்” என்றார்.

“வருதுங்க” என்றாள் பேச்சித்தாய், அக்கம்பக்கத்தில் மழை பெய்கிறதா என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. “நான் அதைச் சொல்ல வரலை. நீங்க எங்க கேள்வியை அவருகிட்ட கேட்டீங்க. கையெடுத்துக் கும்பிடணும்னு இருந்துச்சு. அவரு என்னமோ தாய்னாரு, பால்னாரு. எனக்குப் படிப்பு கம்மி. அவரு என்ன பதில் சொன்னாருன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா ஐயா?”

சுதர்சனன் கார்க் கதவைச் சாத்தினார். “இல்லம்மா. அவர் பதில் சொல்லலை.”

“அப்ப நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?”

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது என்றார் தாவூது.

“பழகிப்போச்சும்மா” என்றார் சுதர்சனன். “திரும்பத் திரும்பக் கேட்டா மரியாதை இல்லாத ஆளுன்னு பேர் வரும். அடுத்த தடவை வரமாட்டாங்க. நாம கேட்டுட்டோம், அவர் சொல்லலைங்கிறதை ஜனங்க பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சுக்குவோம்.”

“எங்களுக்குப் புரிஞ்சு என்ன செய்ய, ஐயா? அவரு எதிர்ல நாங்களா உக்காந்திருக்கோம்? நீங்கதானே உக்காந்திருக்கீங்க.”

சுதர்சனன் அவளை உள்ளே கூட்டிப்போய்த் தன் அறையில் உட்காரவைத்து, சாப்பாடு வரவழைத்தார். அவளுடைய மகளைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க, தலை பின்னிக்கொள்ளத் தெரியாமல் பதினாறு வயது வரைக்கும் அம்மாவிடமே பின்னிக்கொண்ட பெண்ணைப் பற்றி, வெண்டைக்காய் என்றால் தட்டைத் தள்ளிவைக்கிற பெண்ணைப் பற்றி, நர்ஸ் வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்த பெண்ணைப் பற்றி பேச்சித்தாய் சொன்னாள். கேட்பதற்கு அவ்வளவு நல்ல மனிதராக இருந்தார் என்றார் தாவூது. புறப்படும்போது சுதர்சனன் சொன்னார். “தேர்தலுக்கு முன்னால வைரமுடி திரும்ப வர்றார், நேரலை. பதில் வர்ற வரைக்கும் கேக்குறேன்மா. இது சத்தியம்.”

அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறோம்.

செய்தி ஆசிரியர் ஞானதுரைக்கு விஷயம் தெரிந்ததும் சுதர்சனனைக் கூப்பிட்டுப் பேசினாராம். சேனலில் வேலை செய்கிற பையன் ஒருவன் பிற்பாடு இதைச் சொன்னான். “அவங்களை விரட்டிட்டா நாளைக்கு யாரை உக்காரவெச்சுப் பேட்டி எடுப்பீங்க சார்? காலி நாற்காலியையா?” என்று ஞானதுரை கேட்க, “காலி நாற்காலி பொய் சொல்லாது” என்று சுதர்சனன் சொல்லிவிட்டு எழுந்து வந்தாராம். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் அன்றைக்கு ஒப்பனை அறையில் பாட்டு முணுமுணுத்தாராம்.

அந்த நேரலை அன்று அத்திமடையில் பாத்திரக் கடையைத் தவிர எல்லாக் கடையும் மூடியிருந்தது. மண்டப முகாம் கலைந்து, ஆளுக்கொரு தகரக் கொட்டகை கிடைத்திருந்தாலும், எல்லோரும் மண்டபத்துக்கே வந்துவிட்டோம். பேச்சித்தாய் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மேடையில் அந்தப் பெரிய டி.வி. அடியில் நாலைந்து அண்டாக்கள்.

சுதர்சனன் வணக்கம் சொன்னதும் கேட்டார். “ஐயா, அத்திமடை அணையின் மதகைத் திறக்கச் சொன்னது யார்?”

வைரமுடி சிரித்தார். “நல்ல கேள்வி. அந்த மக்களோட கண்ணீரை நான் நேர்ல பார்த்தவன். கிராமத்துல பிறந்தவன் நான்...”

“நான் கேட்டது அது இல்லையே, ஐயா. திறக்கச் சொன்னது யார்?”

மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். திரையின் கீழ் விளிம்பில் தண்ணீர் கட்டியது. கட்டி, இறங்காமல், நிறைந்த டம்ளரின் விளிம்புபோல நடுங்கி நின்றது. எங்கள் ஊர் டி.வி.யில் தண்ணீர் அப்படி நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

“அதெல்லாம் அதிகாரிகள் மட்டத்துல எடுக்கிற முடிவு.”

“எந்த அதிகாரி, ஐயா?”

“விசாரணை நடக்குது.”

“விசாரணை அறிக்கை உங்க மேஜையிலதானே இருக்கு? யார் பேர் இருக்கு அதுல?”

தண்ணீர் திரையில் பாதிவரை ஏறிவிட்டது. அதன் பின்னால் வைரமுடியின் முகம் குளத்துக்குள்ளிருந்து பார்க்கிற முகம்போலத் தெரிந்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுதர்சனன் தாளைப் புரட்டவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். “திறக்கச் சொன்னது யார், ஐயா?”

வைரமுடி பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்து அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மெதுவாக அந்தச் சிரிப்பு கழன்று விழுந்தது. அதற்கு அடியில், எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் உட்கார்ந்திருக்கக்கூடிய, மூச்சு வாங்குகிற ஒரு வயதான மனிதரின் முகம் இருந்தது. அவர் சுதர்சனனைப் பார்த்தார். உதடு ஒரு தடவை சேர்ந்தது. வாய் திறந்தது.

அப்போது சுதர்சனனின் கை தன் காதுக்குப் போனது. யாரோ காதுக்குள் பேசியதை அவர் கேட்பது தெரிந்தது. கண்ணைக் கொட்டினார். தாளைப் பார்த்தார்.

“சரிங்க ஐயா. நேரம் குறைவா இருக்கு. அடுத்த கேள்வி.”

தேங்கி நின்றதெல்லாம் வந்தது. அண்டாக்கள் உருண்டன, மேடைத் தூணில் கட்டியிருந்த பழைய வாழைமட்டை அடித்துக்கொண்டு போனது, உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றோம். முதலில் தெரிந்தது முடிதான். திரையின் ஓரத்திலிருந்து கறுப்பாக, நீளமாக, அலைந்துகொண்டு வந்தது. யாரும் கத்தவில்லை. முன்னால் நின்ற பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறி, பிரசவத்தில் பிள்ளையை வாங்குகிறவர்கள்போல இரண்டு பேர் தலையை ஏந்த, இரண்டு பேர் தோளைப் பிடிக்க, மெல்ல மெல்ல அவளை வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினார்கள். படுக்கப்போனபோது போட்டிருந்த பாவாடை. பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. இத்தனை மாதம் ஆகியும் அந்தப் பிள்ளை அழுகாமல், அன்று காலை எழுப்பினால் எழுந்துவிடுவாள்போல வந்து சேர்ந்தாள்.

பேச்சித்தாய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவிழ்ந்த பின்னலைத் திரும்பப் போட ஆரம்பித்தாள்.

அந்தச் சாயங்காலம் தாழைத்தோப்பில் காணாமல் போன எல்லோரும் வந்தார்கள். அவரவர் சொந்தக்காரர்கள் எந்த டி.வி. முன்னால் இருந்தார்களோ அங்கே வந்தார்கள். உச்சியில் மாட்டியிருந்த வீடுகளில் நாற்காலி போட்டு ஏறி இறக்கினார்கள். மறுநாள் காலைச் செய்தியில், காணாமல் போனவர்கள் அனைவரும் மீட்கப்பட்டுவிட்டதாகவும், இடைவிடாமல் நடந்த மீட்புப் பணிக்காக அமைச்சர் வைரமுடி அதிகாரிகளைப் பாராட்டியதாகவும் சொன்னார்கள். அந்தச் செய்திக்கும் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டுக் குழி வெட்டப் போனோம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது சுதர்சனனின் கார் வந்தது. கேமரா இல்லை, மைக் இல்லை, தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமண் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் முன்னால் வந்து கைகூப்பி நின்றார். எங்களில் சிலருக்கு அவரை அடிக்கக் கை வந்தது. தாவூதுதான் தடுத்தார்.

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கடைசியா அவரு வாயைத் திறந்தாரே, ஐயா. என்ன சொல்ல வந்தாரு?”

சுதர்சனன் மண்மேட்டைப் பார்த்தார். “பிள்ளையை நல்லபடியா அடக்கம் பண்ணிட்டீங்களேம்மா. அந்த மட்டும் ஆறுதல்.”

“நான் கேட்டது அது இல்லையே. அவரு வாயில என்ன பேரு வந்துச்சு?”

“என்னை மன்னிச்சிருங்கம்மா. என்னால முடிஞ்ச வரைக்கும்...”

“நீங்கதானே எதிர்ல உக்காந்திருந்தீங்க. அவரு உதட்டைப் பார்த்தீங்கல்ல. என்ன எழுத்து வந்துச்சு?”

அவர் எங்களைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, பாவம், போதும் விடு தாயி என்று எங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். யாரும் சொல்லவில்லை. ஈரத் துணியோடு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவரைச் சுற்றி நின்றோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

பேச்சித்தாய் மண்மேட்டுப் பக்கத்திலிருந்து எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்து, அவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டாள்.